ஒப்பந்தம் முடிந்த ஒன்பதாம் நம்பர்: எடுக்கலாமா, விடலாமா?

பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கையில் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் எந்த உதைபந்தாட்டக் கழகக் கூட்டத்திலும் இப்படியொரு பெயர் வந்து விழும். கொழும்பில் பெரிய கழகங்களுக்கு ஆடியவர்; வயது 33, 34; ஒப்பந்தம் முடிந்துவிட்டது; இப்போது எங்கும் பதிவில்லை. கேட்டால் வருவார், பழைய விலையும் இல்லை. இடம் ஒன்பதாம் நம்பர்: கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் பின்கள வீரர் இடித்துக்கொண்டிருக்க, வருகிற பந்தை வாங்கி அடக்கி மற்றவனுக்கு விடுகிற ஆள். இந்தச் சேவையை ஒரு பருவத்துக்கு வாங்குவது கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்பதைப் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 11 பேர் லீக்குக்கு, ஆட்டத்துக்கு ஆட்டம் காசு என்ற கணக்கில், அரைப் பருவத்துக்கு என்றால் எடுக்கலாம். 7 பேர் மின்னொளிச் சுற்றுக்கு வேண்டாம். பக்கவாட்டிலிருந்து ஒழுங்காகப் பந்து போட ஆளில்லாத அணி என்றால் எந்தப் போட்டிக்கும் வேண்டாம். பந்து வாங்குகிறவருக்குக் காசு கொடுக்கும் முன், கொடுக்கிறவன் யார் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கொடுக்கிறவன் இருக்கிறானா என்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. கடைசி மூன்று ஆட்டங்களின் வீடியோ யாராவது ஒருவரின் ஃபோனில் இருக்கும். ஒரு தாளில் பொக்ஸை, அதாவது கோலுக்கு முன்னாலுள்ள பெட்டியை, வரையுங்கள். கோல் கோட்டிலிருந்து 5.5 மீட்டரில் சின்னப் பெட்டி, 11 மீட்டரில் பெனால்டிப் புள்ளி, 16.5 மீட்டரில் பெரிய பெட்டி. சின்னப் பெட்டிக்கும் பெனால்டிப் புள்ளிக்கும் இடைப்பட்ட பட்டையில், ஓர் ஆட்டத்தில் உங்கள் அணி போட்ட பந்து எத்தனை தடவை விழுந்தது என்று புள்ளி வையுங்கள். முதலாவது பின்கள வீரனின் காலிலேயே பட்டுத் திரும்பியதையும் கோல் கீப்பரின் கைக்கு நேரே போனதையும் சேர்க்கக்கூடாது. எங்கள் கணக்கில் ஆட்டத்துக்கு எட்டுக்குக் குறைவாக வந்தால் அந்த அணிக்கு ஒன்பதாம் நம்பர் ஆடம்பரம். அவர் 90 நிமிடமும் கையை விரித்துக்கொண்டு நிற்பார், கரையில் இருப்பவர்கள் அவரைத் திட்டுவார்கள். பிழை விங்கில், பந்து போடவேண்டிய பக்கவாட்டில் இருக்கும்.

எட்டுக்கு மேல் வந்தால் அடுத்த கேள்வி, என்ன மாதிரிப் பந்து என்பது. மூத்த முன்கள வீரருக்கு உயரமாக மிதந்து வரும் பந்து அவ்வளவு உதவாது. அவர் பாய்ந்து எழும்பும் உயரம் குறைந்துவிட்டது, மிதக்கிற பந்தோ பின்கள வீரனுக்கு இடம் பிடிக்க நேரம் கொடுக்கும். ஃபுல்பெக் (பக்கவாட்டுப் பின்கள வீரர்) எல்லைக் கோடு வரை ஓடிப்போகாமல், பொக்ஸின் மூலைக்கு நேரே நின்று முன்கூட்டியே வேகமாக அடிக்கும் பந்துதான் அவருக்குச் சாப்பாடு. எல்லைக் கோட்டுக்குப் போய்விட்டால் பின்னோக்கி நிலத்தோடு இழுத்துக் கொடுக்கும் பந்து. மற்றது ஓரக் கோட்டிலிருந்து கையால் எறியும் நீளமான த்ரோ. த்ரோவிலிருந்து நேரடியாக வாங்கினால் ஓப்சைட் (எதிரணிப் பின்கள வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் குற்றம்) கிடையாது. கோல் கிக்குக்கும் கோர்னருக்கும் அப்படித்தான். இந்தச் சட்டத்தை முழுதாகப் பயன்படுத்துகிற அணிகள் நம் பக்கத்தில் குறைவு. கோல் கிக் எடுக்கும்போது ஒன்பதாம் நம்பரைக் கடைசிப் பின்கள வீரனுக்கும் பின்னால் நிறுத்தினால், எதிரணியின் வரிசை முழுவதும் பத்து மீட்டர் பின்னுக்குப் போகவேண்டி வரும். வேகம் போன ஆளுக்கும் செய்யக்கூடிய வேலை அது.

அவர் வாங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எங்கள் கழகங்கள் கூடுதலாகக் காசைக் கரியாக்குகின்றன. பந்தை நெஞ்சில் இறக்கி அழகாக அடக்குவார். கரையில் கைதட்டல். மிட்ஃபீல்டில் நிற்பவர்களும் நின்று பார்ப்பார்கள். கொடுக்க ஆளில்லாமல் அவரே திரும்பப் பார்த்து, இரண்டு பேர் சேர்ந்து நெருக்க, பந்து போய்விடும். அவரைச் சுற்றி எட்டு முதல் பத்து மீட்டருக்குள் எப்போதும் இருவர் வேண்டும். ஒருவர் அவர் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுக்கும் பந்தை வாங்க. மற்றவர் அவரைத் தாண்டி ஓட. தாண்டி ஓடுகிறவன் பந்து அவர் காலுக்கு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் பிந்திவிடும், பந்து காற்றில் இருக்கும்போதே புறப்படவேண்டும். இதை வாரத்துக்கு இரண்டு நாள், இருபது இருபது நிமிடம் பழக்காவிட்டால் வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

வயது மட்டும் தடையா? இல்லை. ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் 2016 இல் பாரிஸ் கழகத்துடன் ஒப்பந்தம் முடிந்து, மாற்றுக் கட்டணமில்லாமல் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்தபோது வயது 34. அந்தப் பருவத்தில் 46 ஆட்டங்களில் 28 கோல். லீக் கிண்ண இறுதியில் சௌத்தாம்ப்டனுக்கு எதிராக இரண்டு. ஆனால் 2017 ஏப்ரலில் அண்டர்லெக்டுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் போனதோடு அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது. எடின்சன் கவானி அதே கழகத்துக்கு 2020 ஒக்டோபரில், மாற்றுக் காலத்தின் கடைசி நாளில் வந்தார். ஜூனில் ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்கில் கழகமில்லாமல் இருந்தவர். உடனே முழு ஆட்டம் ஆடவில்லை, படிப்படியாகத்தான் இறக்கினார்கள். பருவ முடிவில் 17 கோல். அவ்வளவு வசதியுள்ள கழகமே பொறுத்திருந்து இறக்கியது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்திறங்கிய ஆளைச் சனிக்கிழமை 90 நிமிடம் ஓட்டுகிற நாங்கள் பிறகு, 'ஆள் பழசு' என்கிறோம்.

இதன் மறுபக்கத்தை, பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் 'அமெரிக்கன் ஃபுட்போல்' என்ற வேறு விளையாட்டு இன்னும் வெளிச்சமாகக் காட்டுகிறது. அங்கே பந்தைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ரிசீவர்கள் இருக்கிறார்கள். பருவத்தின் நடுவில் கழகமில்லாமல் இருக்கும் மூத்த ரிசீவரை எடுப்பதா என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கும். மட்டக்களப்புக்கு அந்தப் பக்கத்தோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு: வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அடிகளார் உட்பட இங்கே வந்த அமெரிக்க இயேசு சபையினர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர்கள். அந்த நியூ ஓர்லியன்ஸின் செயின்ட்ஸ் அணி 2018 நவம்பரில் டெஸ் பிரையன்ட் என்ற ரிசீவரை எடுத்தது. அதற்கு முந்தைய பருவத்துக்குப் பிறகு அவர் ஒரு போட்டியும் ஆடியிருக்கவில்லை. இரண்டாவது நாள் பயிற்சியிலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. ஒரு போட்டிகூட ஆடாமல் பருவம் முடிந்தது. 2021 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி ஓடெல் பெக்கம் என்ற ரிசீவரை எடுத்தது. அவர் 2022 பெப்ரவரி சூப்பர் போல் இறுதியில் அணியின் முதலாவது டச்டவுனை (அந்த ஆட்டத்தின் கோல் மாதிரி) பிடித்தார், அதே ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் யாரும் தொடாமலே முழங்காலின் ஏசிஎல் தசைநார் போனது. 2020 இல் போன அதே இடது முழங்கால். ராம்ஸ் கிண்ணத்தை எடுத்தது, ஆகவே அவர்களுக்கு அது நட்டமில்லை. இரண்டு கதையிலும் வாங்குகிறவருக்குத் தேவையான விஷயம் ஒன்று உண்டு: ஆட்டமில்லாமல் இருந்த காலமும் ஏற்கெனவே உடைந்த இடமும்தான் ஆளை விழுத்துகின்றன. பிறந்த திகதி அதற்குப் பின்னால்தான் வரும்.

நம் நாட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 2020 கொரோனா, 2022 எரிபொருள் நெருக்கடி, 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கைக்கு ஃபீஃபா விதித்த தடை என்று இடைவெளிக்கு மேல் இடைவெளி. ஒருவரின் ஆட்ட வரலாற்றில் ஓட்டை இருப்பதை வைத்து மட்டும் தள்ளிவிடுவது நியாயமில்லை. அந்த மாதங்களில் என்ன செய்தார் என்று கேளுங்கள். கடற்கரையில் தனியாக ஓடினேன் என்பவரைவிட, ஏதாவது நிறுவன அணிக்கு வாரம் ஒன்று ஆடினேன் என்பவர் பாதுகாப்பான ஆள்.

பரிசோதனை

கையெழுத்துக்கு முன் இரண்டு நாள் வேண்டும், ஒரே நாளில் முடிக்கக்கூடாது. முதல் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு, நல்ல சூடேற்றத்துக்குப் பிறகு, 30 மீட்டர் முழு வேக ஓட்டம் ஆறு தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 25 வினாடி நடை. கையால் ஸ்டொப்வொட்ச் அழுத்தினால் தவறு வரும். இந்தத் தூரத்தில் அந்தத் தவறே முடிவை மாற்றிவிடும். கோட்டுக்கு நேரே ஃபோனை வைத்து வீடியோ எடுத்து, வினாடிக்கு 30 படம் என்ற கணக்கில் எண்ணுவது நம்பகம். முதலாவது ஓட்டம் 4.6 வினாடி, ஆறாவது 4.8 என்றால் நாலு வீதம்தான் இறக்கம், நல்லது. ஆறாவது 5.1 என்றால் பத்து வீதத்துக்கு மேல் போய்விட்டது. அப்படிப்பட்டவர் இருபது நிமிட ஆள், அதற்கேற்ற காசுதான். முதலாவது ஓட்டம் எவ்வளவு வேகம் என்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். பழைய ஆட்களுக்கு ஒரு ஓட்டம் எப்போதும் கையிருப்பில் இருக்கும்.

அதன்பிறகு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொல்லுங்கள். சுகமான கால் 25 வரை போகவேண்டும். எண்ணிக்கையைவிட முக்கியம், இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்துக்கு மேல் இருந்தால் கெண்டைக்காலிலோ குதிகால் தசைநாணிலோ பழைய கதை இருக்கிறது. மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலை முழங்கால் உயரப் பெட்டியில் வைத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது தொடைப் பின்தசைக்கு. இருபதுக்குக் கீழே நின்றுவிட்டால் பலவீனம், 30 தாண்டினால் நல்லது. ஒற்றைக் காலில் பாய்ந்து அதே காலில் இறங்கும் தூரத்தை இரு காலுக்கும் அளந்து பாருங்கள். பலவீனமான காலின் தூரம் மற்றதன் 90 வீதத்துக்குக் குறைந்தால் முழங்கால்பற்றி டொக்டரிடம் கேட்காமல் கையெழுத்து வேண்டாம். இந்த மூன்றுக்கும் செலவு ஒரு ரூபாயும் இல்லை. ஆனாலும் நாங்கள் செய்வதில்லை; தேத்தண்ணி குடித்துவிட்டு 'அண்ணன் எப்படி, ஃபிட்டா?' என்று கேட்டு முடித்துவிடுகிறோம்.

பிறகு பந்து. உங்கள் அணியின் பலமான சென்டர் பெக்கை (நடுப் பின்கள வீரரை) அவர் முதுகில் நிறுத்தி 20 பந்து கொடுங்கள்: பத்து நிலத்தோடு, ஐந்து நெஞ்சுக்கு, ஐந்து தலைக்கு. சென்டர் பெக் உண்மையாகவே இடிக்கவேண்டும், பெரிய ஆள் என்று மரியாதை பார்க்கக்கூடாது. 14 பந்தாவது நம் அணியிடம் மிஞ்சினால் வேலைக்கு ஆகும். இதில் ஒரு சின்ன விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் எந்தப் பக்கமாகத் திரும்புகிறார் என்று. இருபதிலும் வலப்பக்கமே திரும்பினால் எதிரணிப் பின்கள வீரன் அரைமணி நேரத்தில் அதைப் படித்துவிடுவான்.

இரண்டாம் நாள் காலை, எழும்பி முதல் பத்து அடி எப்படி நடக்கிறார் என்று பார்க்க ஒருவர் அங்கே இருக்கவேண்டும். குதிகால் தசைநாண் நோயுள்ளவர் அப்போது மறைக்க முடியாது. நொண்டல் சூடேறியதும் போய்விடும், அதனால்தான் பின்னேரத்தில் மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அன்று பின்னேரம் 35 நிமிடம் அணிக்குள்ளேயே பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம் ஒன்று.

மருத்துவக் கேள்விகள் மூன்று போதும். தொடைப் பின்தசை கடைசியாக எப்போது இழுத்தது, எந்தக் கால், எத்தனை வாரம் ஆடவில்லை? முழங்காலில் சத்திரசிகிச்சை உண்டா? ஓடும்போது நெஞ்சடைப்போ மயக்கமோ வந்ததுண்டா? ஐரோப்பிய மேல்தட்டுக் கழகங்களில் 2001/02 முதல் 2021/22 வரை தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வில், மொத்தக் காயங்களில் தொடைப் பின்தசைக் காயத்தின் பங்கு 12 வீதத்திலிருந்து 24 வீதமாக இரட்டித்தது. அதற்கு மிகப் பெரிய காரணிகளில் இரண்டு வயதும் முன்னைய காயமும், நாம் எடுக்கப்போகிறவரிடம் இரண்டுமே இருக்கும். 35 தாண்டியவர் என்றால் ஈசிஜியும் டொக்டரின் கடிதமும் இல்லாமல் மைதானத்தில் விடக்கூடாது. அந்த வயதுக்கு மேல் விளையாட்டின்போது திடீர் மரணங்களுக்கு இதயக் குழாய் அடைப்புத்தான் முதன்மைக் காரணம். இதில் கழகச் செயலாளர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படத் தேவையில்லை.

மைதானமும் வெயிலும்

கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை கரையோர மைதானங்கள் மணல் தரை. மணலில் ஒவ்வொரு அடியும் உள்ளே போவதால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் சுமை கூடும். உள்ளே வயல் பக்கத்து மைதானங்கள் கோடையில் ஓடு மாதிரி இறுகிவிடும், அங்கே அடி முழங்காலுக்கு. கொழும்பில் நல்ல புல்லில் ஆடிய பூட்ஸோடு வருவார், நீளமான கூர் ஆணிகளோடு. இறுகிய தரையில் அது குத்தி நின்றுவிடும், உடல் திரும்ப முழங்கால் திரும்பாது. குட்டையான பல ரப்பர் ஆணிகள் உள்ள பூட்ஸ் ஒரு சோடி தேவை. அதை யார் வாங்குவது என்பதையும் பேசும்போதே முடித்துவிடவேண்டும்.

கச்சான் வீசும் மாதங்களில் பின்னேர ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், இரண்டாம் பாதியின் நடுவில் இரு அணியும் நடக்கத் தொடங்கும். ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் அளவு 32 பாகையைத் தாண்டினால் மூன்று நிமிடக் குளிர்ச்சி இடைவேளை விடலாம் என்பது ஃபீஃபாவின் வழிமுறை. ஒவ்வொரு பாதியிலும் ஏறக்குறைய அரைமணி ஆனதும் ஒன்று. ஆட்டத்துக்கு முன்பே மத்தியஸ்தரிடம் கேட்டுவையுங்கள், கேட்காவிட்டால் கிடைக்காது.

மூத்தவரை எப்போது இறக்குவது என்பதில் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 55 ஆவது நிமிடத்துக்குப் பிறகு. முதல் பாதியில் எதிரணிப் பின்களம் துடிப்போடு இருக்கும், அவருடைய வேகக் குறைவு அப்போதுதான் வெளியே தெரியும். எல்லாரும் களைத்த பிறகு வேகம் என்ற வித்தியாசம் சுருங்கி, எங்கே நிற்பது என்ற அறிவு மட்டும் மிஞ்சும். 1990 உலகக் கிண்ணத்தில் 38 வயது ரொஜர் மில்லா கமரூனுக்கு அடித்த நான்கு கோலும், ருமேனியாவுக்கு எதிராக இரண்டு, கொலம்பியாவுக்கு எதிராக இரண்டு, மாற்று வீரராக இறங்கி அடித்தவை. ஆனால் பெஞ்சில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தவரை அப்படியே இறக்கினால் தொடைத் தசை இழுக்கும். 40 ஆவது நிமிடத்திலேயே எழும்பி ஓரக் கோட்டருகே அசையத் தொடங்கவேண்டும், இடைவேளை 15 நிமிடத்தையும் தண்ணீர் குடிக்க மட்டும் உட்காராமல் பந்தோடு கழிக்கவேண்டும். இறங்குவதற்குச் சற்று முன் 20 மீட்டர் வேக ஓட்டம் மூன்று. இந்த ஒழுங்கைச் செய்ய மாட்டேன் என்கிறவரை முதல் நிமிடத்திலிருந்து இறக்கி 50 ஆவது நிமிடத்தில் எடுங்கள், நடுவழி வேண்டாம்.

நோன்பு மாதத்தில் சாய்ந்தமருது, நிந்தவூர், காத்தான்குடிப் பக்கம் இரவில் ஆட்டம் வைத்தால், நோன்பு திறந்து தண்ணீர் ஏற இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டுத்தான் மூத்தவரை முழு வேகத்தில் ஓடவிடவேண்டும். அந்த மாதம் வேக ஓட்டப் பயிற்சியைப் பாதியாக்குங்கள்.

ஏழு பேர் சுற்றுக்கு ஏன் வேண்டாம்

ஏழு பேர் ஆட்டத்தில் நின்று வாங்க இடமில்லை. பந்து போனதும் உடனே திரும்பி ஓடவேண்டும், ஒருவர் நின்றால் அணியில் ஏழில் ஒரு பங்கு நின்றது என்று அர்த்தம். சின்ன மைதானத்தில் கிரொஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து போடும் பந்து, என்ற பேச்சுக்கே இடம் குறைவு. அதைவிடப் பெரிய ஆபத்து அட்டவணை. தோற்றால் வெளியே என்ற விலகல் முறைச் சுற்றில் ஒரே இரவில் இரண்டு, சிலவேளை மூன்று ஆட்டம். இடையில் ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பு. உடம்பு குளிர்ந்து, பனி விழுந்த புல்லில் மறுபடி முழு வேகம். இருபது வயதுக்காரன் தாங்குவான், முப்பத்துநாலு தாங்காது. கெஸ்ட் பிளேயர் என்று பெயரைப் போட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தால் கூட்டம் வரும் என்பது உண்மை. கூட்டத்துக்காக எடுப்பதென்றால் அந்தச் செலவை விளம்பரக் கணக்கில் எழுதுங்கள், அணியின் கணக்கில் எழுதாதீர்கள்.

காசும் கடதாசியும்

பேசிய தொகையை நூறு என்று வைத்தால் பதிவன்று 25. ஆட்டங்களுக்குப் பிரித்து 50. கடைசி ஆட்டம் முடிந்த அன்றே, அடுத்த நாளுக்குத் தள்ளாமல், 25. ஆட்டப் பங்கு அவர் களத்தில் இருந்தால்தான். பயிற்றுவிப்பாளர் இறக்காவிட்டால் பாதி. கோலுக்கு இவ்வளவு என்று போனஸ் வைக்கவேண்டாம். வைத்த நாளிலிருந்து, கொடுக்கவேண்டிய பந்தை அவர் அடித்துப் பார்க்கத் தொடங்குவார், நீங்கள் அவரை எடுத்ததே கொடுக்கத்தான். வெற்றிக்குப் போனஸ் வையுங்கள், அதுவும் அணியில் எல்லாருக்கும் ஒரே அளவு. பஸ் காசுக்கு ஆடுகிற ஊர்ப் பொடியன்கள் பக்கத்தில் இருக்கும்போது வந்தவருக்கு மட்டும் கடித உறை கொடுத்தால், மூன்றாவது ஆட்டத்தில் அவருக்குப் பந்தே வராது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை; ஆனாலும் வராது.

பிரயாணமும் செலவுதான். கொழும்பிலிருந்து இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்து காலையில் இறங்கி அன்று பின்னேரமே ஆடுவது தொடைப் பின்தசைக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். ஒரு நாள் முன்னதாக வரவேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் கழகத்தின் பொறுப்பு. இந்த ஓர் இரவுச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் முழுத் தொகையையும் இழக்கிறார்கள்.

எழுத்தில் கட்டாயம் இருக்கவேண்டிய ஒரு வரி: நமது ஆட்டத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் வேறு எந்தச் சுற்றிலும் ஆடக்கூடாது. உடன்பாடு முறிவதற்கு எங்கள் பக்கத்தில் முதற் காரணம் இதுதான். சனி இரவு பக்கத்து ஊர் மின்னொளியில் இரண்டு ஆட்டம், ஞாயிறு நமக்கு. கேட்டால், 'தம்பி, சும்மா பத்து நிமிடம் ஆடினேன்' என்பார். நமது ஆட்டத்தில் காயப்பட்டால் சிகிச்சை கழகத்தின் கணக்கு, வேறெங்கும் பட்டால் அவர் கணக்கு. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு விஷயத்தில் ஃபீஃபாவின் விதி தெளிவு. ஒரு பருவத்தில் ஒருவர் மூன்று கழகங்கள் வரை பதியலாம், அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கழகங்களுக்குத்தான் ஆடலாம். பதிவுக் காலம் முடிவதற்கு முன் ஒப்பந்தம் முடிந்த தொழில்முறை வீரர் பதிவுக் காலத்துக்கு வெளியேயும் பதியப்படலாம். ஆனால் உள்ளூர்ச் சுற்றுகளுக்குத் தனித்தனி விதி இருக்கும். வெளி வீரர் எத்தனை பேர், வேறு அணிக்கு ஏற்கெனவே ஆடியவரை விடுவார்களா, இறக்கி எடுத்தவரை மறுபடி இறக்கலாமா என்பதை அந்தச் சுற்றின் அச்சிட்ட விதித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சை நம்பவேண்டாம். முன்னைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, நிலுவையில் சிவப்பு அட்டைத் தடை இல்லை என்ற உறுதி, மூன்றும் செயலாளரின் கோப்பில் இருக்கவேண்டும். ஆட்சேபம் எழுதுகிற எதிரணி வென்ற பிறகு எழுதாது, தோற்ற பிறகுதான் எழுதும். அந்த நேரம் கடிதம் தேடி ஓடினால் மூன்று புள்ளியும் போய்விடும்.

வந்தவரின் உடம்பைப் பருவம் முழுக்கக் காப்பாற்ற இரண்டு பழக்கம் போதும். ஃபீஃபாவின் 11+ சூடேற்றம், இருபது நிமிடம், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன். முழங்காலில் நின்று, ஒருவர் குதிகாலைப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னே சரிய விடுகிற நோர்டிக் பயிற்சி. பழக்கமில்லாதவருக்கு முதல் வாரம் இரண்டு செட், ஐந்து ஐந்து. அடுத்த வாரங்களில் படிப்படியாகக் கூட்டலாம். ஆட்டத்துக்கு முதல் நாள் செய்யக்கூடாது, தசை நோவோடு களத்துக்குப் போவார். இந்தப் பயிற்சியைச் சேர்த்த அணிகளில் தொடைப் பின்தசைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, வீடியோவில் எண்ணிப் பார்த்து, ஆட்டத்துக்கு நாலு பந்துதான் விழுந்தது என்று தெரிந்தால்? அவரை விட்டுவிடவேண்டாம், வீரராகப் பதியாமல் இரண்டு வார இறுதிக்குப் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். முழுப் பருவச் செலவில் சின்னப் பங்குதான் ஆகும். பொக்ஸின் மூலைக்கு நேரே இரு பக்கமும் ஃபுல்பெக்குகளை நிறுத்தி, பதினைந்து பந்தை வரிசையாக வைத்து, தனக்கு எப்படிப்பட்ட பந்து வேண்டும் என்று அவரே நின்று வாங்கிக் காட்டட்டும். 19 வயது முன்கள வீரன் ஒருவன் அணியில் இருந்தால் அவன் அவர் பக்கத்தில் நிற்கட்டும். அடுத்த மூன்று ஆட்டத்திலும் அதே தாளில் மறுபடி புள்ளி வையுங்கள். எட்டைத் தாண்டினால் அப்போது தொலைபேசியை எடுக்கலாம்.